படுத்தால் காப்பீடு, நடந்தால் கைக்காசு: பினாங்கில் மாத மாத்திரை வாங்கும் வழிகள்

மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, சாயங்கால டீக்கூட்டம் வருவதற்குள் லெபோ பசார் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் அரைமணி நேரம் ஓய்வு கிடைக்கும். போன வருஷம் அப்படி ஒரு நேரத்தில் சம்பளச் சீட்டில் கையெழுத்து வாங்கக் கடையின் பின்கட்டுக்குப் போனேன். ரொட்டி சானாய் போடும் மாஸ்டர் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னில் உட்கார்ந்து, பாக்குவெட்டியால் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தார். பாக்கு என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சர்க்கரை மாத்திரை.

"பாதி பாதியா போட்டா ஒரு அட்டை ரெண்டு மடங்கு நாள் வருதுண்ணே" என்றார்.

அவர் ராமநாதபுரம் பக்கம். வயது 43. பன்னிரண்டு மணி நேரம் அடுப்புச் சூட்டில் நிற்கும் வேலை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பது தெரிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "காப்பீட்டு அட்டை இருக்கே, அதுல வாங்கலாமே" என்று யாரோ சொல்லி, அதைக் கொண்டுபோய் ஒரு கிளினிக்கில் நீட்டியிருக்கிறார். "இது வார்டுக்குத்தான், மாத்திரைக்கு இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அட்டையைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வெளிநாட்டு ஆட்களின் வேலை பெர்மிட் புதுப்பிப்பது, காப்பீடு கட்டுவது, சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டுவது எல்லாம் என் வேலை. அட்டையைக் கொடுத்தபோது அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் இந்தக் கணக்கையெல்லாம் போட ஆரம்பித்தேன்.

கேள்வி எளிமையானது. பெர்மிட்டில் வேலை செய்கிற ஒருவருக்கு மாதாமாதம் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மாத்திரை தேவைப்படுகிறது. அதை எங்கே வாங்குவது, யார் காசில் வாங்குவது? மெட்ஃபார்மின், அம்லோடிபின் மாதிரியான மருந்துகள் அபூர்வமானவை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1977 முதல் வெளியிட்டு வரும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றைக்கு இருப்பவை. எந்த நாட்டிலும் யாருக்கும் தட்டாமல் கிடைக்க வேண்டியவை. மலேசியாவில் கிடைக்கவும் செய்கின்றன. சிக்கல் காசு கொடுப்பது யார் என்பதில்தான்.

முதலில் கையில் இருக்கும் அட்டை. இதற்கு ஸ்பிக்பா என்று பெயர். 2011 ஜனவரியில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டாயமாக வந்தது. இது இல்லாமல் பெர்மிட் நகராது. தொடங்கும்போது ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டணம், 10,000 வெள்ளி வரம்பு. பிறகு வரம்பு 20,000 ஆனது. (ரிங்கிட்டை இங்கே நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம், ஊரிலிருந்து வாசிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.) அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டில் சேர்ந்தால் படுக்கை, அறுவை சிகிச்சை, வார்டில் டாக்டர் வந்து பார்ப்பது ஆகியவற்றுக்குக் காப்பீட்டு நிறுவனம் கட்டும். காப்பீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் உத்தரவாதக் கடிதத்தை, ஜி.எல். என்பார்களே, அதை வாங்கிவிட்டால் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டவர் கடிதம் இல்லாமல் போனால் வார்டில் சேரும்போதே ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்பார்கள். அந்த நேரத்தில் இந்த அட்டை உயிர்காக்கும் அட்டைதான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வெளிநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வருவது இதில் சேராது. யோசித்துப் பாருங்கள். மாதாமாதம் சில பத்து வெள்ளியில் அடங்கும் சர்க்கரைக்குக் காப்பீடு இல்லை. அந்தச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய், காலில் புண் வந்து, வார்டில் விழுந்தால் 20,000 வெள்ளி வரைக்கும் காப்பீடு உண்டு. மாஸ்டர் பாக்குவெட்டியை எடுத்ததைப் படிப்பறிவில்லாத வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கையில் இருந்த காப்பீடு சொல்லாமல் சொன்ன வழியில்தான் அவர் போனார். சேமிக்க முடிந்தது மாத்திரையில் மட்டும்தான், அதனால் அங்கே சேமித்தார். அவர் நறுக்கியது மெதுவாகக் கரையும் வகை மாத்திரை என்பது இன்னொரு கொடுமை. அதை உடைக்கவே கூடாது. உடைத்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். மாத்திரை அட்டையில் எக்ஸ்.ஆர். அல்லது எம்.ஆர். என்று போட்டிருந்தால், மருந்தாளுநரைக் கேட்காமல் உடைக்காதீர்கள்; பெரும்பாலும் முழுசாகத்தான் விழுங்க வேண்டும்.

ஊரிலிருந்து கிளம்பும்போது எடுத்த இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி கைகொடுக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் மலேசியாவுக்கு வருபவர்களுக்கு அது கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ பத்து லட்சம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அதற்கும் ஒரு தொகை உண்டு. மாத்திரைக்கு அதுவும் உதவாது. இரண்டு நாட்டுக் காப்பீடும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: படுத்தால் காசு. இருந்தாலும் அந்தப் பாலிசித் தாளின் நகல் ஊரில் வீட்டம்மாவிடம் இருக்கட்டும். பலர் விமான நிலையத்தோடு அதை மறந்துவிடுகிறார்கள்.

சொக்சோ விஷயம் வேறு. மக்கள் இதைத்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின், அதாவது பெர்கேசோவின், வேலையிட விபத்துத் திட்டத்தில் வந்துவிட்டார்கள். சம்பளத்தில் 1.25 விழுக்காடு, முழுக்க முதலாளி கட்டுவது. 2024 ஜூலை 1 முதல் உடல் முடங்கிப் போவதற்கான திட்டமும் சேர்ந்தது. அதற்குத் தொழிலாளி சம்பளத்திலும் அரை விழுக்காடு பிடிப்பார்கள். வேலையில் அடிபட்டாலோ, வேலைக்கு வரும் வழியில் விபத்து நடந்தாலோ, வேலையால் வந்த நோய் என்றாலோ, சொக்சோ பேனல் கிளினிக்கிலோ (பேனல் என்றால் பில்லைத் தாங்களே கட்டுவதாக ஒப்பந்தம் வைத்திருக்கும் கிளினிக்) அரசாங்க ஆஸ்பத்திரியிலோ சிகிச்சை இலவசம். வார்டில் படுக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கட்டு மாற்றுவது, மாத்திரை, திரும்பத் திரும்பப் போய்க் காட்டுவது எல்லாமே அடக்கம்.

அதாவது மாஸ்டரின் காலில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிப் புண்ணானால், ஆறும் வரைக்கும் மருந்து இலவசம். அதே காலில் சர்க்கரையால் புண்ணானால் ஒரு மாத்திரைக்கும் வழியில்லை. கால் ஒன்றுதான், புண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால் வேலையில் அடிபட்டவர் "சின்னக் காயம்தானே" என்று கைக்காசில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது. நடந்த விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "வெளியே சொல்லாதே, நான் பார்த்துக்கிறேன்" என்று ஆயிரம் வெள்ளியைக் கையில் திணிக்கும் கடைகளையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காசு இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும், விரல் மடங்காமல் இருப்பது அப்படியே இருக்கும். தேதி போட்டு, நேரம் போட்டு, கூட வேலை செய்பவர் கண்ணால் பார்த்தார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் பதியும்போதே "வேலையில் அடிபட்டது" என்று சொல்லிவிடுங்கள். முதல் சீட்டில் அது இல்லாவிட்டால் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

சரி, சர்க்கரைக்கு வருவோம். மிச்சம் இருப்பது நாலைந்து வழி.

முதலாளியின் பேனல் கிளினிக் இருந்தால் அதுதான் முதல் கதவு. வேலைச் சட்டத்தில் நோய் விடுப்பு பற்றிய பிரிவு, முதலாளி நியமித்த டாக்டர் பார்ப்பது முதலாளியின் செலவில் என்றே சொல்கிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாதவருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு, ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். வெளிநாட்டுக்காரர் என்பதால் இது குறையாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பேனல் இருக்கும், பெயர் சொன்னாலே போதும். காய்ச்சல், தொண்டைவலி, வயிற்றுப்போக்கு என்றால் யோசிக்காமல் அங்கேதான் போக வேண்டும்.

மாத மாத்திரைக்குப் பேனல் சரிப்படுமா என்பதுதான் சந்தேகம். பல கடைகள் ஆளுக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சர்க்கரை மாத்திரையை அங்கே வாங்கினால் ஐந்தாறு மாதத்தில் வரம்பு முடிந்து, அப்புறம் காய்ச்சலுக்குக் கைக்காசு போட வேண்டி வரும். இன்னொன்று, பேனல் பில் என் மாதிரி கணக்குப்பிள்ளையின் மேசைக்குத்தான் வரும். யாருக்கு என்ன மருந்து என்பது முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று ஆட்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அந்தப் பில்களில் மருந்துப் பெயர் இருக்கும் பக்கத்தைக் கோப்பில் வைப்பதில்லை. எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று உறுதி தர முடியாது.

இரண்டாவது, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். ஜார்ஜ் டவுனில் இருப்பவர்களுக்கு ஜாலான் பேராக்கில் இருக்கிறது. நமக்கு, அதாவது குடியுரிமை உள்ளவர்களுக்கு, ஒரு வெள்ளி. டாக்டர், மருந்து எல்லாம் அதற்குள். நிபுணர் என்றால் ஐந்து வெள்ளி. வெளிநாட்டவருக்கு இந்த மானியத்தைப் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். டாக்டரைப் பார்க்க 40 வெள்ளி, நிபுணருக்கு 120 என்று ஆகிவிட்டது. பரிசோதனைக்குத் தனி, மருந்துக்குத் தனி. ஒரே வரிசையில், ஒரே மாதிரி நாற்காலியில் முன்னும் பின்னும் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்கு ஒரு வெள்ளி, இன்னொருவருக்கு நாற்பது. ஒருமுறை மாஸ்டரோடு போயிருந்தபோது எனக்கும் இருமல். நான் ஒரு வெள்ளியை நீட்டியபோது அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

கட்டணத்தோடு நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளினிக் நடப்பது அலுவலக நேரத்தில், அந்த நேரம்தான் கடையில் ஷிப்ட். அரைநாள் போகும், சில நாள் முழுசாகவே போய்விடும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். விடுப்பு கிடைக்காதவருக்கு 40 வெள்ளி டாக்டர் கட்டணம் உண்மையில் 105 வெள்ளி. இன்னொரு கேள்வியைப் பதியும்போதே கேட்டுவிடுங்கள்: ஒரு மாத மருந்து முழுசாக இங்கேயே தருவீர்களா, இல்லை சில நாள் மருந்து தந்துவிட்டுச் சீட்டு எழுதி வெளியே வாங்கச் சொல்வீர்களா? இரண்டாவது என்றால், கடைசியில் பார்மசிக்குத்தான் போகப் போகிறோம். அப்படியென்றால் முதலிலேயே அந்த வழியில் போயிருக்கலாம்.

ஆனாலும் அரசாங்க இடத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. சிக்கலான நோய், இன்சுலின், சிறுநீரகக் கோளாறு, நெஞ்சுவலி என்றால் தனியாரிடம் போய்க் கட்டுபடியாகாது. அங்கேதான் போயாக வேண்டும்.

தெருமுனைத் தனியார் கிளினிக்கில் ராத்திரி ஒன்பது மணிக்கும் டாக்டரைப் பார்க்கலாம். தமிழில் பேசலாம், பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். ஆட்கள் அதிகம் போவது இங்கேதான். குறை என்னவென்றால், மலேசியாவில் டாக்டரே மருந்தும் கொடுப்பார். சீட்டு எழுதித் தரும் பழக்கம் கிடையாது. பிளாஸ்டிக் பையில் மாத்திரையைப் போட்டு ஒரே தொகையாகச் சொல்லிவிடுவார்கள். அதில் டாக்டருக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று தெரியாது. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது விநோதமாக இருக்கும், அங்கே டாக்டர் வேறு, மெடிக்கல் ஷாப் வேறு அல்லவா.

இப்போது இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் பார்மசியும் மருந்து விலையைப் பார்வையில் வைக்க வேண்டும் என்று உத்தரவு. டாக்டர்கள் அதே மாதம் புத்ராஜெயாவில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம், வெகுகாலமாக உயர்த்தாத கட்டணத்தை மருந்து லாபத்தில்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. தொழிலாளிக்கு வேண்டியது ஒன்றுதான்: விலைப்பட்டியலைக் கேட்கலாம், பிரித்து எழுதிய பில்லும் கேட்கலாம். கூச்சப்படாதீர்கள்.

மாஸ்டர் விஷயத்தில் எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது டாக்டரையும் பார்மசியையும் சேர்த்துப் பிடித்த வழி. கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, சர்க்கரை அளவு எடுத்து, "மருந்து வெளியே வாங்கிக்கிறேன் டாக்டர், சீட்டு மட்டும் எழுதிக் கொடுங்க" என்று கேட்பது. நோயாளி கேட்டால் எழுதித் தர வேண்டும், மறுக்க முடியாது. சில இடத்தில் முகம் சுளிப்பார்கள். ஒரு கிளினிக்கில் "அப்ப அங்கேயே போய் காட்டிக்கோங்க" என்றார்கள். நாங்கள் எழுந்து அடுத்த தெருவுக்குப் போனோம். அங்கே இருந்த அம்மா டாக்டர் சிரித்துக்கொண்டே மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். சீட்டில் கம்பெனிப் பெயர் போடாமல் மருந்தின் பொதுப்பெயரைப் போடச் சொல்லுங்கள். பார்மசியில் "இதே மருந்தில் விலை குறைந்தது என்ன இருக்கு" என்று கேட்டால் மருந்தாளுநர் எடுத்து வைப்பார்.

இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பு கிளினிக்கில் மூன்று வகை மாத்திரைக்கு ஒரு மாதத்துக்கு 95 வெள்ளி கட்டியிருந்தார். பார்மசியில் அதே மூன்று, பொதுப்பெயரில், 38 வெள்ளி. டாக்டர் கட்டணத்தை மூன்று மாதத்துக்குப் பங்கிட்டாலும் மாதம் ஐம்பதைத் தாண்டவில்லை. எல்லாருக்கும் இதே வித்தியாசம் வரும் என்று சொல்லவில்லை, மருந்தைப் பொறுத்து மாறும். வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு தடவை சீட்டு கேட்டால் போதும். மாஸ்டர் 38 வெள்ளி பில்லைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, "இவ்வளவுதானாண்ணே? நான் சும்மாவா வெட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

பார்மசியில் சீட்டில்லாமலும் சில மருந்துகள் கிடைக்கும். விஷப் பொருள் சட்டம் 1952இன்படி சில வகைக்கு டாக்டர் சீட்டு வேண்டும், சில வகையை மருந்தாளுநரே பதிந்துகொண்டு கொடுக்கலாம். சீட்டில்லாமல் வாங்கப் பழகிவிட்டால் டாக்டரைப் பார்ப்பதே நின்றுபோகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ரத்தம் எடுத்துப் பார்க்காவிட்டால், மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? பார்மசிக்காரர் பிரஷர் இலவசமாகப் பார்த்துவிடுவார், அது நல்லது. ஆனால் டாக்டருக்குப் பதில் ஆகாது.

ஊரிலிருந்து மருந்து வரவழைப்பதுதான் நம்மவர்களின் பிடித்தமான வழி. யாராவது லீவுக்குப் போய் வந்தால் பெட்டியில் முறுக்குக்கு அடியில் மாத்திரை அட்டை இருக்கும். ஊரில் இப்போது முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் என்று விலை குறைந்த கடைகளும் வந்துவிட்டன. விலையில் அவற்றோடு இங்கே எதுவும் போட்டி போட முடியாது. சொந்த உபயோகத்துக்கு, சொந்தப் பெட்டியில், டாக்டர் சீட்டோடு, ஒரு மாதத் தேவைக்குள் கொண்டுவருவது வரைக்கும் சரி. நண்பர் பெட்டியில் பத்துப் பேருக்கு மூட்டை கட்டி அனுப்புவது சட்டத்துக்கு ஆகாது, பிடிபட்டால் அவர் கதி என்ன?

அதைவிடப் பெரிய சங்கடம், ஊர் மாத்திரைகளில் பல இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்தவை. பெயரும் அந்த ஊர்ப் பெயர். இங்கே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டருக்கு அந்தப் பெயர் தெரியாது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். அந்த ஒரு படம் அவசரத்தில் பெரிய உதவி. இங்கே வாங்கும் மருந்தில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும், மினுங்கும் பாதுகாப்பு ஸ்டிக்கரும் பெட்டியில் இருக்கும். அவை இல்லாத "சுகர் சூரணம்", "ஒரே வாரத்தில் கட்டுப்பாடு" வகையறாக்களைச் சந்தையில் எவ்வளவு மலிவாக விற்றாலும் தொடாதீர்கள்.

தனியார் மெடிக்கல் கார்டு ஒன்று சொந்தமாக எடுத்தால் என்ன என்று சூப்பர்வைசர் வேலையில் இருக்கும் ஒருவர் கேட்டார். விற்பவர்கள் வாயில் தேன் ஒழுகும். ஆனால் இங்கே தனிநபர் கார்டுகளும் பெரும்பாலும் வார்டுக்கும் அறுவை சிகிச்சைக்கும்தான். ஏற்கெனவே இருக்கும் நோய் சேராது. புதிதாக எடுத்தாலும் சர்க்கரை, பிரஷர், இருதய நோய்க்கு முதல் 120 நாள் காத்திருப்பு உண்டு. மாத்திரைக்காக இதை எடுப்பது வீண் செலவு. வெளிநோயாளிச் செலவும் சேர்ந்த காப்பீடு என்பது பெரும்பாலும் முதலாளிகள் ஆட்களைக் கூட்டாகச் சேர்த்து எடுப்பது. பத்துப் பேர் உள்ள கடைக்கு அந்தக் கட்டணத்தைவிட, ஆளுக்கு வருஷத்துக்கு இவ்வளவு மருந்துச் செலவு திருப்பித் தருகிறேன் என்று முதலாளி சொல்லிவிடுவது மலிவு. நான் எங்கள் முதலாளியிடம் அப்படித்தான் பேசினேன். ஸ்பிக்பா வார்டுச் செலவைக் கட்டிவிடும். ஆள் இரண்டு வாரம் படுத்தால் ரொட்டிக் கல்லில் நிற்பது யார் என்று கேட்டேன். அந்தக் கேள்வி வேலை செய்தது. மூன்று மாதத்துக்கு ஒரு டாக்டர் பில்லைக் கடை கொடுக்கிறது, மாத்திரைக் காசு மாஸ்டருடையது.

இலவச முகாம்கள் பற்றிக் கொஞ்சம். கோயிலில், குருத்வாராவில், மசூதியில், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் முகாம்களில் சர்க்கரையும் பிரஷரும் இலவசமாகப் பார்ப்பார்கள். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நல்ல இடம். மாதாமாதம் மாத்திரைக்கு அதை நம்பிவிட முடியாது, அடுத்த முகாம் எப்போது என்று யாருக்குத் தெரியும்?

பெர்மிட் முடிந்தவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி இல்லை. பெர்மிட்டோடு சேர்ந்தே ஸ்பிக்பாவும் முடிகிறது. ஆவணம் இல்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருப்பதால், அவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கப் பயப்படுகிறார்கள். மிஞ்சுவது தனியார் கிளினிக்கும் பார்மசியும்தான். இதில் கொடுமை என்னவென்றால், முதலாளியோ ஏஜெண்ட்டோ புதுப்பிக்காமல் விட்டதற்கு ஆளின் மருந்து நிற்கிறது. பாஸ்போர்ட் உறையில் இருக்கும் ஸ்பிக்பா தாளின் முடிவுத் தேதியை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். பெர்மிட் தேதியும் அதுவும் பொருந்தவில்லை என்றால் கணக்கரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, அது உங்கள் பெயரில் உள்ள தாள்.

பெர்மிட்டுக்காக வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்துகொள்ள வேண்டிய ஃபோமெமா மருத்துவச் சோதனைக்கு முன்னால் மாத்திரையை நிறுத்திவிடும் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று விடுதியில் யாரோ சொல்லி வைக்கிறார்கள். நிறுத்தினால் நடப்பது தலைகீழ்: சோதனை நாளில் சர்க்கரையும் பிரஷரும் ஏறிப்போய் நிற்கும். கட்டுப்பாட்டில் இருக்கும் நோயோடு போவதே மேல் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

ஆக, மாத்திரையோடு சமாளிக்கும் நிலையில் இருப்பவருக்கு என் தேர்வு இதுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனியார் டாக்டர், கையில் சீட்டு, பார்மசியில் பொதுப்பெயர் மருந்து, டாக்டர் செலவையாவது முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பது. பேனல் இருந்தால் காய்ச்சலுக்கு அது, வேலையில் அடிபட்டால் சொக்சோ, வார்டுக்கு ஸ்பிக்பா. வரம்பு பெரிதாக உள்ள தொழிற்சாலைப் பேனல் என்றால் மாத்திரையையும் அங்கேயே வாங்குங்கள், கைக்காசு எதற்கு?

இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒத்துவராது. அதே கடையில் பாத்திரம் கழுவும் தம்பிக்குப் போன மாதம் டாக்டர் இன்சுலின் எழுதிவிட்டார். திறக்காத ஊசிப் பேனாவைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்; விடுதியில் இருப்பது ஒரே குளிர்பெட்டி, அதுவும் கடைச் சாமானுக்காகப் பூட்டியிருக்கிறது. சாவி வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. மாதச் செலவைக் கேட்டால் பார்மசியும் மலிவில்லை, தனியார் கிளினிக் அதைவிட மலிவில்லை. வரும் திங்கட்கிழமை அவரை அழைத்துக்கொண்டு ஜாலான் பேராக்குக்குப் போகிறேன். நாற்பது வெள்ளியும், பாஸ்போர்ட்டும், சம்பளம் பிடிக்காமல் அரைநாள் விடுப்புக்கு முதலாளி கையெழுத்துப் போட்ட தாளும் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.